அலகின் மேல் இரண்டு பிறைகள்

பழைய ஆயுதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. "யாரை வெட்டறதா உத்தேசமுங்க?" என்று தமிழ்த்துறை அம்மையார் கேட்டார். கோயமுத்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். துறையில் மற்றவர்கள் கோயில் நிர்வாகம், பெண்கல்வி, பஞ்சாலைத் தொழிலாளர் என்று பதிவு செய்திருந்தார்கள். நான் வாளையும் ஈட்டியையும் நாட்டுத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டேன்.

மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் பாளையக்காரர்களின் ஆட்களும் மாறி மாறிக் கொங்கு நாட்டுக்குள் நடந்து போன காலத்தைப் பற்றி எழுதியவர்கள் தளபதிகளையும் உடன்படிக்கைகளையும் பற்றியே எழுதியிருந்தார்கள். இங்கே ஒரு சாதாரண ஆள் கையில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றான், அது எங்கே அடிக்கப்பட்டது, சண்டை ஓய்ந்து கும்பினி ஆயுதங்களைப் பறித்தபோது எதெல்லாம் தப்பியது, தப்பியது இப்போது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று கேட்க ஆளில்லை. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை ராஜாக்களின் ஆயுதங்கள். எனக்கு மற்றவை வேண்டியிருந்தன.

சனி, ஞாயிறுகளில் ஒரு துணிப்பையில் அளவு நாடா, மெல்லிய தாள், பென்சில், சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், அப்பா விட்டுப்போன கேமரா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். சில வீடுகளில் "கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கற ஊட்ல அதையெல்லாம் எறக்கப்படாதுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். ஓர் ஈட்டி முனை தேங்காய் உரிக்கும் கம்பியாகிவிட்டிருந்தது. ஒரு துப்பாக்கிக் குழல் எருமை கட்டும் முளையாகத் தரையில் இறங்கியிருந்தது. அதை அளப்பதற்குள் எருமை என் தாள்களில் பாதியைத் தின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு வாள் இருந்தது. அவிநாசிக்குப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில். நான் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டதால் எனக்கும் அம்மாவுக்கும் எல்லாவற்றுக்கும் பெரியப்பாதான். தோட்டம் பாதி, தறிக்கூடம் பாதி என்று நடத்திக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பேசுவார், எதிரே இருப்பவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் தொடங்கமாட்டார். ஆயுத பூஜை அன்று டிராக்டர், மோட்டார், தறிச் சாமான்களோடு அந்த வாளையும் வைத்து, எல்லாவற்றுக்கும் பெரிய பொட்டு அதற்குத்தான் வைப்பார். கும்பினிக்காரனை எங்கள் முன்னோர் ஒருவர் வெட்டிய வாள் என்பது குடும்பத்துக் கதை.

அவரிடம் கேட்டு அந்த வாளை எடுத்து, ஆண்டுக்கணக்கான சந்தனத்தையும் குங்குமத்தையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பிடிக்குச் சற்றுக் கீழே, அலகின் மேல், ஒரு முத்திரை தெரிந்தது. ஒன்றுக்கொன்று முதுகு காட்டும் இரண்டு வளைவுகள். வளைவின் விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள். இமை மயிரோடு கூடிய இரண்டு கண்ணிமைகள் என்றும் சொல்லலாம். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு அது?" என்று பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"சீமைக் கொல்லர் முத்திரைங்க பெரியப்பா. இத்தாலி, ஜெர்மனிப் பக்கமெல்லாம் போடுவாங்க. அலகு மட்டும் கப்பல்ல வந்து எறங்கும். பிடியை நம்மூர்ல போட்டுக்குவாங்க."

"அப்ப கும்பினிக்காரனை வெட்டுன வாளே சீமை வாளா?"

"அலகு மட்டுந்தானுங்க."

வாளைப் பார்த்துச் சிரித்தார். "செரி, இதை எழுதி வெச்சுப்போடாத. பங்காளிக எல்லாம் சிரிப்பாங்க. வா, சாப்புடலாம்."

அதே முத்திரையை இரண்டாவது முறை பார்த்தது உக்கடத்துக்குப் போகும் வழியில், ஒரு பழைய இரும்புக் கடையில்.

கோயமுத்தூரில் வார்ப்படப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. மோட்டார் பம்புக்கு வார்க்க ஊர் ஊராகப் பழைய இரும்பு வந்து சேரும். அதில் என்னென்ன கலந்து வருகிறது என்று பார்க்கத்தான் அந்தக் கடைகளுக்குள் நுழைந்தேன். ஏழெட்டுக் கடைக்காரர்கள் என்னை விற்பனை வரி ஆபீஸ் ஆள் என்று நினைத்து இனிக்க இனிக்கப் பேசி வெளியே அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் ஸ்டூல் எடுத்துப் போட்டார். அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி, வெற்றிலைச் சிவப்பேறிய பற்கள். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டேன். முன்புறம் பித்தளைப் பாத்திரமும் பழைய குழாயும் விற்றார், பின்னால் கிடங்கு, அதற்கும் பின்னால் வீடு. பட்டறைக்குப் போகும் இரும்பில் வாளோ ஈட்டியோ வந்தால் தனியே எடுத்துவைத்து, ஊட்டி ஓட்டல்களுக்குச் சுவரில் மாட்ட விற்பது அவருடைய உப தொழில். அதில் அவர் சொல்லும் வரலாறு அபாரமானது.

"இது மைசூர் சுல்தான் வாளுங்க அம்மணி."

"போன மாசம் காட்டுனதும் சுல்தான் வாளுதானே பாய்?"

"அவருக்கென்ன ஒரே ஒரு வாளுங்களா இருந்திருக்கும்?"

அவர் சுல்தானுடையது என்று காட்டியவற்றில் ஒன்று நிச்சயமாகப் போன தலைமுறையில் நாடக கம்பெனிக்கு அடித்த தகர வாள். சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "நாடகத்துல சுல்தான் வேசம் கட்டுனவன் வாளா இருக்கும்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொடுத்தனுப்புவார். நாளடைவில் அந்த அம்மாவே கொண்டுவந்து தந்து என் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தார். கணவர் கொண்டுவரும் வாள்களால் வீட்டில் கால் வைக்க இடமில்லை என்பது அவருடைய புகார்.

நான் அந்தக் கிடங்கில் இருந்த ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு எண் கொடுத்தேன். வெள்ளை நாடாவில் மார்க்கர் பேனாவால் எழுதிப் பிடியில் கட்டினேன். படம் எடுத்தேன், அளந்தேன். அப்படி அளந்த ஒன்றின் துருவைத் துடைத்தபோதுதான் அந்த இரண்டு வளைவுகள் தெரிந்தன. பையிலிருந்த அவிநாசிப் படியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பற்களின் இடைவெளி முதல் எல்லாம் ஒன்று. அலகின் அகலம் ஒன்று, நடுவில் ஓடும் பள்ளக் கோடு ஒன்று. ஒரே அச்சில் அடித்து, ஒரே கப்பலில் வந்து, ஒரே மூட்டையிலிருந்து பிரிந்து போன இரண்டு அலகுகள் என்று சொல்லக்கூடிய அளவுக்கு ஒற்றுமை. அந்த மாதிரி சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

பாய் எட்டிப் பார்த்துத் தொடையில் தட்டினார். "பிறை! பாத்தீங்களா அம்மணி, நாஞ் சொன்னனே, சுல்தான் முத்திரை!"

"இல்லைங்க பாய். இது சீமையில கிறிஸ்தவக் கொல்லர் போட்டது. எங்க பெரியப்பா ஊட்டு வாளுலயும் இதேதான் இருக்குது."

"கிறிஸ்தவங்க போட்ட பிறைங்களா?" அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இதைச் சொன்னா ஊட்டிக்காரன் வாங்குவானுங்களா?"

என் வழிகாட்டியான பேராசிரியர் இரண்டு படிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதாம்மா உன் ஆராய்ச்சி, மத்ததெல்லாம் சும்மா" என்றார். எங்கள் கவுண்டர் வீட்டுப் பூஜையில் இருக்கும் வாளும் உக்கடம் பழைய இரும்பும் உடன்பிறப்புகள் என்று ஒரு அத்தியாயம் எழுதினேன். மாநாடு ஒன்றில் வாசித்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கை தட்டியவர் பேராசிரியர்தான்.

தொண்ணூற்றேழு நவம்பரிலிருந்து ஊர் சரியில்லை. அந்த மாதம் நடந்த கலவரத்தில் எரிந்த கடைகளின் கரி மழையில் கரைந்து சாக்கடையில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பாயின் கடை தப்பியது, ஆனால் அவர் பேச்சு குறைந்துவிட்டது. ஊட்டிக்காரர்கள் வருவதில்லை. பிப்ரவரியில் குண்டுகள் வெடித்தன. சனிக்கிழமை பிற்பகல். நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் சத்தத்தை லாரி டயர் என்று நினைத்தோம். பிறகு ஒன்று, பிறகு ஒன்று. பெரியம்மாவின் தம்பி தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அன்று டவுனுக்கு வந்திருந்தார். உயிர் தப்பியது. இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் நாங்கள் போய் நின்றபோது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த மனிதர். அன்று மாமா என்று கூப்பிட்டுவிட்டு, அது அவருக்குக் கேட்காது என்று புரிந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குப் பிறகு நடந்ததில் யாருக்கும் வலி இல்லாமல் இல்லை.

ஊர் முழுக்கச் சோதனை நடந்தது. ஒரு நாள் காலை பத்திரிகையில் படம் வந்திருந்தது. ஒரு நீண்ட மேசை, அதன் மேல் வரிசையாக வாள்கள், ஈட்டி முனைகள், பின்னால் நிற்கும் போலீஸ்காரர்கள். ஒவ்வொரு பிடியிலும் வெள்ளை நாடா. நாடாவில் என் கையெழுத்து. ஆயுதங்கள் யார் யாருக்கு என்று எண் போட்டு விநியோகத்துக்குத் தயாராக வைக்கப்பட்டிருந்தன என்றும் கடைக்காரர் கைதாகியிருக்கிறார் என்றும் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. நாடக கம்பெனித் தகர வாள்கூட அந்த வரிசையில் இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா வாசித்துவிட்டு, பேப்பரை மடித்து, "நீ அந்த நாடாவைப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றாள்.

முதலில் பேராசிரியரிடம் போனேன். காவல் நிலையத்துக்குக் கூட வந்து நான் ஆராய்ச்சி மாணவி, இவை ஆராய்ச்சிக்காக எண்ணிடப்பட்டவை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா. நீயும் போகாதே. போனாலும் என் பேரை இழுக்காதே" என்றார். முன்வரிசையில் கை தட்டிய அதே கைகளால் மேசை மேலிருந்த என் அத்தியாயத்தை எடுத்து என்னிடமே நீட்டினார்.

படங்களையும் படிகளையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். காவல் நிலையத்து வாசலில் பாயின் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க. அவருக்குச் சக்கரை இருக்குதுங்க, மாத்திரை குடுக்க உட மாட்டேங்கறாங்க." நான் சொல்கிறேன் என்றேன். அதை எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். பல நாள் தூங்காத கண்கள். கத்தவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நாடா என்னுடையது என்றேன். எதிரே உட்கார்ந்து ஒரு நாடாவில் எழுதிக் காட்டினேன். அவர் அலமாரியிலிருந்து அந்த வாளை எடுத்துவரச் செய்து முத்திரையின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன மேடம்?"

"கொல்லர் முத்திரை சார்."

"பிறை. ஒண்ணு இல்ல, ரெண்டு. எனக்குக் கண்ணு தெரியுது."

ஐரோப்பாவைப் பற்றி, கப்பல்களைப் பற்றி, நம் ஊர்க் கொல்லர்கள் அதைப் பார்த்துப் பார்த்து அடித்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். வகுப்பில் நாற்பது பெண்களைத் தூங்கவைக்கும் என் பேச்சு அங்கேயும் அதையே செய்துகொண்டிருந்தது. கடைசியில் சொன்னேன்: "இதே முத்திரை அவிநாசிப் பக்கம் எங்க பெரியப்பா வீட்டு வாள்லயும் இருக்கு சார். ஆயுத பூஜைக்கு வெச்சுக் கும்பிடற வாள்."

அவர் நிமிர்ந்தார். "நிஜமா?"

"நிஜமா சார்."

"அதைக் கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். ஒரே மாதிரி இருந்தா நான் எழுதிக்கறேன். உங்க பெரியப்பாவையும் கூட்டிட்டு வாங்க, ஒரு தொந்தரவும் வராது."

நியாயமான பேச்சுதான். இன்றுவரை அந்த மனிதரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

அன்றைக்கே அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். பெரியப்பா தறிக்கூடத்திலிருந்து வந்து, வழக்கம்போலச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். மாமா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். முடித்ததும் பெரியப்பா உள்ளே கை காட்டினார்.

"உங்க பெரியம்மா பொறந்தவன் அங்க படுத்திருக்கறான். தறி ஓடற சத்தங்கூடக் கேக்கறதில்ல அவனுக்கு. நீ அவுங்களுக்குச் சாட்சி சொல்ல என்ற ஊட்டு வாளைக் கேக்கறே."

"பாய் அதைச் செய்யலைங்க பெரியப்பா. அவரு ஓட்டலுக்கு வாளு விக்கறவரு."

"அவருதான் செஞ்சாருன்னு நாஞ் சொன்னனா? எனக்கு அதெல்லாந் தெரியாது. ஆனா இந்த ஊட்டு வாளு போலீஸ்காரன் மேசை மேல, அந்தச் சாமானுங்களோட பக்கத்துல போய்ப் படுக்காது."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே. ரெண்டுலயும் அதே பிறை."

வாயிலிருந்து வந்துவிட்டது. அதுவரை அவரிடம் முத்திரை என்று மட்டுமே சொல்லிவந்தேன். இன்ஸ்பெக்டர் அறையில் அந்த வார்த்தையோடு அத்தனை நேரம் மல்லுக்கட்டியதில் அது நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"பிறையா?" என்றார் பெரியப்பா. எழுந்து பூஜை அறைக்குப் போனார். திரும்பி வர நேரமானது. வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. "செரி கண்ணு. நாயித்துக்கெழமை வா. ரோசனை பண்ணிச் சொல்றேன்" என்றார்.

நான் நம்பினேன். பெரியம்மா கட்டிக்கொடுத்த முருங்கைக்காயோடு சந்தோஷமாகத் திரும்பினேன். பாயின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வாளைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். கூடத்து மேசையில் வைத்து அவரே பிரித்தார். பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அலகு கண்ணாடி மாதிரி பளபளத்தது. மற்ற இடமெல்லாம் பழைய கறுப்பு. அந்த இடத்தில் மட்டும் கிரைண்டிங் கல் ஓடிய கோடுகள், மெல்லியதாக, ஒரே சீராக. விரலால் தடவினேன். சற்றே குழிந்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

"லேத்துப் பட்டறைக்காரன்கிட்டக் குடுத்துச் சுத்தம் பண்ணச் சொன்னேன்" என்றார். "துரு புடிச்சிருந்துது."

"பெரியப்பா, அது இருநூறு வருஷத்துக்கு மேல இருந்துதுங்களே."

"இருந்துது. இப்ப இல்லை." வாளைத் துணியில் மறுபடி சுற்றி என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போ. இனித் தாராளமாக் கொண்டுபோய்க் காட்டு. எந்த ஆபீசர்கிட்ட வேணுமின்னாலும் காட்டு. நானே காருல கூட்டியாறேன்."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. உண்மையாகவே எனக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்தார். குடும்பத்தின் மேல் விழவிருந்த ஏதோ ஒன்றைத் துடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. உள்ளேயிருந்து பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்து வந்தது அதுவே முதல் தடவை. வாளையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் இரண்டு பென்சில் படிகளையும் மட்டும் காட்டினேன். புகைப்படத்தில் அந்த இடம் தெளிவாக விழுந்திருக்கவில்லை, நான் அவ்வளவு நன்றாகப் படம் எடுப்பவள் இல்லை. அவர் தாள்களைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "ரெண்டும் ஒரே வாள்ல தேய்ச்சதுன்னு சொல்லுவாங்க மேடம். வாள் எங்கே?"

வாளில் அது இப்போது இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் டீ வரச்சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது.

பாய் சில மாதங்கள் உள்ளே இருந்தார். குண்டு வழக்கில் அவரைச் சேர்க்க ஒன்றும் கிடைக்காததால் ஆயுதம் வைத்திருந்த வழக்கு மட்டும் மிஞ்சியது. அதில் ஜாமீன் கிடைத்தது. அதற்குள் சர்க்கரையில் ஒரு கால் விரலை எடுத்துவிட்டிருந்தார்கள். கடையைப் பட்டறைக்காரர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

என் வழிகாட்டி அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பதிலாக உலோகம், துரு, பாதுகாப்பு முறை என்று ஏதாவது சேர்த்துக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். எடுக்கமாட்டேன் என்றேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு அலகுகளும் ஒன்று என்பதற்கு உலகத்தில் அந்தப் பக்கங்களைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான். அவர் ஓய்வு பெறும்வரை கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் என் பதிவுக்காலம் முடிந்துபோனது. துறையில் என்னோடு தொடங்கியவர்கள் எல்லாம் முனைவர் ஆனார்கள். என் இளையவர் ஒருவர் துறைத்தலைவராகி, எனக்குக் கால அட்டவணை போட்டுக்கொடுத்தார். பெரியப்பா பொங்கலுக்கு ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. அம்மா மட்டும் போய்வந்து, "உன்னைக் கேட்டாரு" என்று சொல்வாள். அதற்கு மேல் எங்களுக்குள் அந்தப் பேச்சு இல்லை.

வழக்கு மறு வருஷம் நீதிமன்றத்துக்கு வந்தது. பாயின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அங்கே ஒரு மேசையில் வாள்கள் மறுபடி கிடந்தன, என் நாடாக்களுக்கு மேல் இப்போது நீதிமன்றத்தின் அட்டைகள் தொங்கின. நாடாவில் உள்ளது என் எழுத்துதான் என்றேன். கூர் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். ஒரு வாளை எடுத்து என் புறங்கையில் வைத்து இழுத்துக் காட்டினேன். கோடுகூட விழவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவங்களா?" இல்லை என்றேன். உட்காரச் சொல்லிவிட்டார்.

விடுதலை செய்தார்கள். பறிமுதல் ஆன ஆயுதங்களை அழித்துவிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருந்தது. அருங்காட்சியகத்துக்காவது கொடுக்கச் சொல்லுங்கள் என்று பாயின் வக்கீலைக் கெஞ்சினேன். "கட்சிக்காரர் வெளியே வந்துட்டாரு. இனி அந்த இரும்பைப் பத்திப் பேசி எதுக்குங்க வம்பு?" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. எந்தப் பட்டறையில் உருக்கினார்கள் என்று விசாரித்தேன். சொல்வாரில்லை.

தீர்ப்புக்குச் சில மாதங்கள் கழித்து, பாய் காரமடையில் மகள் வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் குடமும் பக்கெட்டும் அடுக்கி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். தொப்பி அதேதான். வெற்றிலையை விட்டுவிட்டிருந்தார், பற்கள் வெளுத்து வேறு ஆள் போலத் தெரிந்தார். "வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் கை குவித்தேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னவள் நான்.

வாள்களை அழித்துவிட்டதைச் சொன்னேன். பாய் ஒரு குடத்தின் விளிம்பிலிருந்த பிசிரைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"போகட்டும் உடுங்க. இப்ப அதெல்லாம் பம்புசெட்டு ஆயிருக்கும். தண்ணியாவது எறைக்கும்."

"உங்ககிட்ட வந்த அந்த ஒரு வாளு எந்த ஊர்ல இருந்து வந்ததுன்னாவது ஞாபகம் இருக்குதுங்களா பாய்?"

கத்தரியைக் கீழே வைத்தார். பழைய நாளாக இருந்தால் உடனே சுல்தானுடைய கோட்டையிலிருந்து என்று தொடங்கியிருப்பார்.

"அம்மணி, நீங்க எனக்காகக் கோர்ட்டு வரைக்கும் வந்தீங்க. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா இனி இங்க வர வேண்டாமுங்க. உங்களைப் பாத்தா அவளுக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது."

சரிங்க என்றேன். அவர் எழுந்து வாசல் வரை வந்தார், விரல் போன காலைச் சற்று இழுத்து வைத்து. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவரே கை காட்டி நிறுத்தினார்.